ஊசி சொன்ன துப்பு

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு வலது கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. வருஷக்கணக்காகப் பயிற்சிக் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, புதிதாக ஸ்டியரிங் பிடித்தவர்கள் யார் மேலாவது ஏற்றிவிடாமல், தன் பக்கமிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால் அது. பஸ்ஸில் போனாலும் மிதிப்பார், பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தாலும் மிதிப்பார். கல்யாணமான புதிதில் மனைவி குரலை உயர்த்தினால்கூட அந்தக் கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். "நீங்க எவ்வளவு பிரேக் போட்டாலும் நான் நிக்கப்போறதில்ல" என்று அவள் சிரிப்பாள். அந்தக் காலைப் பார்த்துத்தான் முகம் தெரியாத நாலாயிரம் பேர் சேர்ந்து அவரைக் கொலைகாரன் ஆக்கினார்கள்.

மாஸ்டரின் மனைவியைப் பெரியவள் என்றே சொல்லிவிடலாம். காணாமல் போனவள் அவளுடைய தங்கை, சின்னவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா. அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. சின்னவளை வளர்த்து, படிக்கவைத்து, பார்சல் ஆபீஸில் வேலைக்குச் சேர்த்துவிட்டது எல்லாம் பெரியவளும் மாஸ்டரும்தான்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் சின்னவளின் கைப்பை ஜிப் பல்லை இளித்துவிட்டது. மாஸ்டர் முதல் வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தார். பெரியவளுக்கு வேலை கேக் கடையில். பெட்டி கட்டுகிற ஊதா நாடா ஒரு துண்டு எப்போதும் அவள் பர்ஸில் கிடக்கும். அதை ஜிப் வளையத்தில் கோத்து, இழுத்து ரெட்டை முடிச்சுப் போட்டாள். நாடா பிரிந்து தொங்காமலிருக்க முனையைத் தீக்குச்சியால் லேசாகக் கருக்கியும் விட்டாள். கடையில் யாரும் அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை.

"என் பையைப் பர்த்டே கேக் ஆக்கிட்டியேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள் சின்னவள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று ஆபீஸிலிருந்து இறங்கியவள் திரும்பவில்லை. தெருக் கேமராவின் மங்கல் படத்தில் பஸ் ஸ்டாப்பில் நிற்பது தெரிந்தது. ஒரு லாரி வந்து மறைத்தது. லாரி நகர்ந்தபோது அந்த இடத்தில் அவள் இல்லை.

கேஸை எடுத்த இன்ஸ்பெக்டரம்மா குரல் உயர்த்தாமல் பேசுகிற பெண்மணி. நாடா விஷயத்தைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டகூட."

"அவர்கிட்டயுமா மேடம்?"

"அவர்கிட்டயும்தான். பாத்தேன் பாத்தேன்னு தினமும் போன் வருது. எல்லாம் டிவியில பாத்ததைத் திருப்பிச் சொல்றவங்க. நான் எல்லாரையும் ஒரே கேள்விதான் கேப்பேன், பையில என்ன கட்டியிருந்ததுன்னு. ஊதா நாடான்னு எவர் சொல்றாரோ, அவர் உங்க தங்கச்சியை நிஜமாவே பார்த்தவர். இப்போதைக்கு நம்ம கையில இருக்கிறது இது ஒண்ணுதான்."

பெரியவள் வாயை இறுக்கிக்கொண்டாள். மாஸ்டரிடம்கூட மூச்சு விடவில்லை.

மாஸ்டர் டிவியில் பேசினார். கை கூப்பினார், அழுதார், "அவ எங்களுக்குக் குழந்தை மாதிரி, யாராவது பாத்திருந்தா சொல்லுங்க" என்றார். கேமரா கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததில் வலது காலும் படத்தில் விழுந்துவிட்டது. அழ அழ அந்தக் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

'தூங்காத கண்கள்' என்று இணையத்தில் ஒரு குழு. வேலை வெட்டி முடித்துவிட்டு, சில பேர் முடிக்காமலேயே, காணாமல் போனவர்களின் கேஸ்களைத் தோண்டுகிற கூட்டம். பூதக்கண்ணாடி, மூன்றாம் கண், பக்கத்துவீட்டு அத்தை என்று ஆளுக்கொரு புனைபெயர். பக்கத்துவீட்டு அத்தை எந்த வீட்டுக்குப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. தலைவர் பெயர் தராசு. முகம் காட்டமாட்டார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குரல் மட்டும் நேரலையில் வரும். நிதானமான, வெண்ணெய் தடவிய குரல்.

"முகத்தைப் பாக்காதீங்க, அது நடிக்கும்" என்றார் தராசு அந்த வாரம். "காலைப் பாருங்க. மச்சினி பேரைச் சொல்றப்பெல்லாம் மிதிக்கிறார். எதை மிதிக்கிறார்? யாரை மிதிச்சார்? நான் எதுவும் சொல்லல. நீங்களே எடை போட்டுக்கோங்க."

நான் எதுவும் சொல்லல என்பவன்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். குழு வேண்டிய மட்டும் எடை போட்டது. சின்னவள் கார் ஓட்டக் கற்றபோது எடுத்த பழைய வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்து, மச்சினியும் மாமாவும் ஒரே காரில் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டது. மாஸ்டரிடம் படித்து லைசென்ஸ் வாங்கிய ஒருத்தி, "கியர் போடும்போது என் கைமேல் கை வைத்தார்" என்று எழுதினாள். கியர் போடக் கற்றுக்கொடுக்கிறவர் வேறு எங்கே கை வைப்பார்? அதைக் கேட்க ஒரு நாதியில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராக வகுப்பை விட்டு நின்றார்கள். ஒருநாள் விடிந்தபோது பயிற்சிக் காரின் முன்பக்கம் முழுக்கக் கொலைகாரன் என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

கேக் கடைக்கும் ஆட்கள் வந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பெரியவளைப் படமெடுத்தார்கள். "கொலைகாரன் பொண்டாட்டி எவ்வளவு தெம்பா கேக் வெட்டறா பாரு" என்றது ஒரு படத்தின் கீழே. முதலாளியம்மா நல்லவர்தான், ஆனால் கடையும் நடக்கவேண்டுமே.

"கோவிச்சுக்காதம்மா. உன்னைப் பார்க்க வர்றவங்க யாரும் கேக் வாங்கறதில்ல" என்று சொல்லி அவளைப் பின்னறையில் பெட்டி மடிக்கப் போட்டார்.

இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். தாங்க முடியாமல் போனது வேறொரு நாள். வேலை முடிந்து வந்தவள் வீட்டில் மாஸ்டரைக் காணாமல் பதறித் தேடினாள். காருக்குப் போட்டிருந்த உறை லேசாக அசைந்தது. தூக்கிப் பார்த்தால், கதவைச் சாத்திக்கொண்டு, வெயிலில் வெந்துகொண்டிருந்த காருக்குள் தன் பழைய சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இங்கதான் என் கால் என்ன பண்ணினாலும் யாரும் கேக்கமாட்டாங்க" என்றார்.

பெரியவள் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தாள். அப்புறம் சமையலறையில் நின்று, அந்தத் தராசை நடுத்தெருவில் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுகை வரவில்லை. அடிவயிற்றில் ஒரு நெருப்பு மட்டும் நின்று எரிந்தது, அது அவளுக்கு இதமாகவே இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் போன் மேஜை டிராயரில் செத்துக் கிடந்தது. கூப்பிட ஆளில்லாத நம்பர். அதை எடுத்துச் சார்ஜ் போட்டு, அந்த நம்பரிலேயே 'ஊசி' என்று ஒரு பெயர் வைத்துக் குழுவுக்குள் நுழைந்தாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கிரீம் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கடைப் பின்னறையில் தன் புருஷனைப் பற்றி நாலாயிரம் பேர் எழுதுவதைப் படித்தாள். சிரிப்பவர்களோடு சிரித்தாள். "கால் சூப்பர் பாயின்ட்ணா" என்று தராசுக்கே எழுதினாள். எழுதிய கையை அப்புறம் சோப்பு போட்டுக் கழுவினாள்.

படிக்கப் படிக்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. குழுவில் தராசு வகுத்துவைத்த சட்டம் ஒன்று உண்டு. வெளியே வராத விஷயம் எவனுக்குத் தெரியுமோ, அவன்தான் ஆள். எந்தக் கேஸானாலும் கடைசியில் அதைச் சொல்லித்தான் ஒருவன் கழுத்தில் கயிற்றை மாட்டுவார்கள். இந்தக் கேஸில் வெளியே வராத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அது பெரியவளிடம் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மாவின் முகம் நினைவுக்கு வராமலில்லை. நாலு நாள் அதையே மனசுக்குள் உருட்டினாள். நாலு மாதமாக அந்த நாடாவைப் பொத்திப் பொத்தி வைத்து என்ன ஆயிற்று? ஒரு ஆள் வந்து ஊதா நாடா என்று சொன்னானா? சின்னவள் உயிரோடு இருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காதா? போனவள் போய்விட்டாள், இருக்கிறவனையாவது காப்பாற்றுகிறேன் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொன்னாள். அது சமாதானம்தான் என்பது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது பழி.

ஐந்தாம் நாள் தராசுக்குத் தனியாக எழுதினாள்.

"அண்ணா, நான் பார்சல் ஆபீஸ் பக்கம் குடியிருக்கேன். அன்னைக்கு அந்தப் பொண்ணு பையில ஜிப் போய், ஊதா நாடா கட்டியிருந்தது. ரெட்டை முடிச்சு. என் கண்ணால பார்த்தேன். நான் சொன்னா யார் கேப்பாங்க? நீங்க சொன்னா எடுபடும்."

உடனே பதில் வந்தது. "உங்க பேரைச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்ணா. உண்மை வெளிய வந்தா போதும்."

யார் பெயரும் வேண்டாம் என்றால் தன் பெயர்தானே மிச்சம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வெண்ணெய்க் குரல் உருகி ஓடியது. "போலீஸுக்கே தெரியாத விஷயம். ராப்பகலா உட்கார்ந்து அந்த மங்கல் படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். பையில ஒரு ஊதா நாடா. ரெட்டை முடிச்சு." கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின.

பெரியவள் ஆறவிட்டாள். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரே ஒரு வரி எழுதினாள். "ஒரு சந்தேகம், அந்தப் படத்துல பை மறுபக்கத் தோள்ல இல்ல இருக்கு?"

பூதக்கண்ணாடி போய்ப் பார்த்தது. மூன்றாம் கண்ணும் பார்த்தது. பை கேமராவுக்கு அந்தப் பக்கம், சின்னவளின் உடம்புக்குப் பின்னால் இருந்தது. ஜிப்பும் தெரியாது, நாடாவும் தெரியாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியாது.

"அப்ப தராசு அண்ணா எங்க பார்த்தார்?" என்று கேட்டாள் பக்கத்துவீட்டு அத்தை. அதற்கப்புறம் பெரியவளுக்கு வேலையே இருக்கவில்லை. வெளியே வராத விஷயம் எவனுக்குத் தெரியுமோ என்று ஒருவன் ஆரம்பித்தான், ஊரே சேர்ந்து முடித்தது. அவள் ஊசியின் கணக்கை அழித்தாள். போனை அணைத்து டிராயரில் போட்டாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் தராசின் நிஜப் பெயர், வீட்டு வாசல், வேலை பார்க்கும் பர்னிச்சர் கடை எல்லாம் சந்திக்கு வந்துவிட்டன. பள்ளிச் சீருடையில் அவர் மகள் நிற்கும் படம்கூட வந்தது. அதைப் பார்த்தபோது பெரியவளுக்குச் சுருக்கென்றது. சிவப்புப் பெயின்ட்டை நினைத்துக்கொண்டாள், சரியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை லீவு சொல்லிவிட்டுப் பர்னிச்சர் கடைக்குப் போனாள். கண்ணாரப் பார்க்காமல் அவளுக்கு ஆறாது. வாசல் கண்ணாடியில் முட்டை உடைந்து வழிந்த தடம் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகளின் புது வாசனை. விற்பனைப் பையன்கள் ஒரு மூலையில் குசுகுசுத்துக்கொண்டிருக்க, எதிர் மூலையில் சின்ன மேஜைக்குப் பின்னால் தொப்பை போட்ட, காதுமடல் சிவந்த ஒரு மனிதர் தனியாக இருந்தார். மேஜைக்கடியில் அவருடைய கால் தடதடவென்று ஆடியது. அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு வயிறு குளிர்ந்தது.

இரண்டு பேர் உட்காரும் சோபா ஒன்றில் போய் அமர்ந்து, ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று இரண்டு முறை எம்பிப் பார்த்தாள். அவர் எழுந்து வந்தார்.

"என்ன மாதிரி பாக்கறீங்க மேடம்?" அதே குரல். வெண்ணெய் மட்டும் இல்லை.

"வீட்டுக்காரருக்குத்தான். முன்னெல்லாம் அவருக்கு சோபாவே தேவைப்படல, நாள் பூரா கார்லயே இருப்பார். இப்ப வீட்டோட இருக்கார். கால் நீட்டிக்கறதுக்கு வசதியா ஏதாவது காட்டுங்களேன். அவர் கால் சும்மா இருக்காது, உங்களுக்குத் தெரியுமே."

அவருக்கு அவள் யாரென்று புரிந்துவிட்டது. சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

"அம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஊசின்னு ஒருத்தர் எழுதினார், நான் என் பேர்ல சொல்லிட்டேன். புத்தி கெட்டுப்போச்சு. பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்ப முடியல. அவர் எழுதினதைப் போலீஸ்ல கொடுத்துட்டேன், நீங்களும் சொன்னா…"

"ஊசியா?" என்றாள் பெரியவள். "அது யாருங்க? நான் எதுவும் சொல்லல. நீங்களே எடை போட்டுக்கோங்க."

வெளியே வந்து தெருவில் நடந்தபோது காற்றில் மிதப்பது போலிருந்தது. வழியில் தன் கேக் கடையில் நின்று, தன் காசில் ஒரு துண்டு கேக் வாங்கிக்கொண்டு போய் மாஸ்டரை வற்புறுத்திச் சாப்பிடவைத்தாள். அன்று ராத்திரி நாலு மாதத்தில் முதல் தடவையாக அசந்து தூங்கினாள்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரம்மா வீட்டுக்கு வந்தார். கூட இரண்டு போலீஸ்காரர்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மாஸ்டரைத்தான் பார்த்தார்.

"ஊசிங்கற கணக்கு உங்க டிரைவிங் ஸ்கூல் நம்பர்ல ஆரம்பிச்சது. நாடா விஷயம் எனக்குத் தெரியும், உங்க மனைவிக்குத் தெரியும். விஷயம் வெளிய வந்தப்ப போன்ல கேட்டேன், அவங்க யார்கிட்டயும் சொல்லலைன்னு சத்தியம் பண்ணினாங்க. அன்னைக்குக் காலைல நீங்க வீட்ல இல்ல. அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும் சார்? உங்க மச்சினியை அன்னைக்கு மத்தியானம் பார்த்தீங்களா?"

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "என்ன நாடா?" என்று கேட்டார். கால் தரையை மிதித்தது. இரண்டு போலீஸ்காரர்களும் அந்தக் காலையே பார்த்தார்கள்.

தராசுக்குப் பின்னிய கயிறு வந்து யார் கழுத்தில் விழுந்திருக்கிறது என்று பெரியவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அவர் இல்ல மேடம். நான். நான்தான் ஊசி." நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், சோபாவில் எம்பிப் பார்த்தது உட்பட. மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா இப்போதுதான் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அந்த ஆள் பேசின நிமிஷத்துலேருந்து எங்க ஆபீஸ்ல போன் நிக்கல. கேளுங்க. நீங்க பண்ணின வேலை இது."

பதிவாகியிருந்த குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. ஊதா நாடா கட்டிய பையோடு சின்னவளை மார்க்கெட்டில் பார்த்தேன் என்றது ஒன்று. விமான நிலையத்தில், ஊதா நாடா, ரெட்டை முடிச்சு. கடற்கரையில். என் கனவில் வந்தாள், பையில் நாடா இருந்தது.

"முன்னெல்லாம் ஒரு கேள்வியில வடிகட்டிடுவேன். இப்ப எல்லாருமே பாஸ்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அடுத்தது தணிந்த குரலில் ஒரு பெண். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஐயா, நான் லாட்ஜ்ல ரூம் பெருக்கறவ. நீங்க தேடற பொண்ணு இங்கதாங்க இருக்கு. ஒரு ஆள் பூட்டி வெச்சிருக்கான், அண்ணன்னு சொல்றான். அந்தப் பொண்ணு அவனைப் பாத்தாலே நடுங்குது. அவன் குளிக்கப் போன நேரத்துல என் கையைப் புடிச்சு அக்காகிட்ட சொல்லுங்கன்னுச்சு. பையில ஊதா நாடா இருக்குங்க, முனை தீயில கருகியிருக்கு. நாளைக்குக் காலைல காலி பண்றாங்க. சீக்கிரம் வாங்கய்யா."

அடுத்த குரல் ஆரம்பித்துவிட்டது. பெரியவள் போனைப் பாய்ந்து பிடித்தாள்.

"மேடம், இது. இது நிஜம். முனையைக் கருக்கினது நான். அதை நான் உங்ககிட்டகூட சொல்லல. ஊசியும் எழுதல. எங்களுக்கு அண்ணன் கிடையாது மேடம்!"

இன்ஸ்பெக்டரம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். யாரையோ கூப்பிட்டு அந்தப் பெண்ணின் நம்பரைக் கேட்பதும், பிறகு லாட்ஜ் பெயரைக் கேட்பதும், காத்திருப்பதும், மறுபடி பேசுவதும் உள்ளே கேட்டது. பெரியவளும் மாஸ்டரும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

அவர் திரும்பி வந்தபோது நடை தளர்ந்திருந்தது.

"அந்தம்மா போன் பண்ணினது போன வாரம் திங்கட்கிழமை. இருநூறு போனுக்கு நடுவுல விழுந்துடுச்சு." அவர் பெரியவளை நேராகப் பார்க்கவில்லை. "ரூமைக் காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு தெரியல. செவ்வாய்க்கிழமை காலைல, கடை திறக்கிற நேரம்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கிற நேரத்தில், பெரியவள் பர்னிச்சர் கடை சோபாவில் உட்கார்ந்து ஸ்பிரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பக்கத்தில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, எடுக்கவேயில்லை.